கருவாடு குழுவின் கடைசிப் பாட்டு

பவளத்துறை மாதா கோயில் திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம், தேர் நிலைக்கு வந்து, பங்குச்சாமி நன்றி சொல்லவேண்டியவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லி முடித்து, அவர் சொல்ல மறந்துபோனவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில், கோயில் மைதானத்து மேடையில் ‘கருவாடு’ என்கிற ராக் இசைக்குழு தன் கடைசிப் பாட்டை வாசித்து முடித்தது. முடித்தது என்று சொல்வது குழுவைப் பொறுத்தவரைதான் சரி, பாட்டைப் பொறுத்தவரை சரியில்லை, ஏனென்றால் லியாண்டர் தன் கிதாரின் ஒல்லிக் கம்பியை இழுத்து விட்ட கடைசிச் சத்தம், அவன் கையை எடுத்த பிறகும், கம்பியை உள்ளங்கையால் அமுக்கிய பிறகும், கிதாரைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்த பிறகும் நிற்கவில்லை. டிரம்ஸ் வாசிக்கிற பொன்மாரி போய் ஒயரைப் பிடுங்கினான். நிற்கவில்லை. மைக்செட்காரர் ஜெனரேட்டரையே அணைத்தார். இருட்டில் அது இன்னும் தெளிவாகக் கேட்டது. நல்ல ஆம்ப்ளிபயர் என்று நாலு பேர் சொன்னார்கள், வீட்டில் பிரியாணி ஆறிவிடும் என்று மற்றவர்கள் சொன்னார்கள், எல்லோரும் எழுந்து போனார்கள்.

மறுநாள் காலைப் பூசைக்கு வந்தபோதும் அது அங்கேயே இருந்தது. மேடையைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், மேடை இருந்த இடத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது, ஆட்டுக்கு மேலே, ஒரு ஆள் கையைத் தூக்கினால் எட்டிவிடும் போலிருந்த உயரத்தில், அந்தச் சத்தம் ஒல்லியாக, நீளமாக, கொஞ்சம் தொண்டை கட்டினாற்போல நின்றுகொண்டிருந்தது. கச்சான் காற்று அடித்தால் கடற்கரைப் பக்கம் கொஞ்சம் நகரும், கொண்டல் அடித்தால் வீடுகளின் பக்கம் சாயும், காற்று ஓய்ந்தால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். பங்குச்சாமி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, கெட்டது ஒன்றும் செய்யவில்லையே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

ஊர் என்றால் அப்படித்தான், எதுவும் ஒரு வாரம் தாக்குப்பிடித்து நின்றுவிட்டால் அதற்கு ஒரு வேலை கொடுத்துவிடும். கோயில் ஆர்மோனியக்காரர் மாதா பாட்டுகளையெல்லாம் அந்தச் சத்தத்துக்கு ஒத்துவரும்படி சுருதி ஏற்றி வைத்தார், பாடகர் குழுவில் இருந்த வயசானவர்கள் கழுத்து நரம்பு புடைக்கப் பாடி, பூசை முடிந்ததும் சோடாக் கடைக்கு ஓடினார்கள். ஆட்டோ நிறுத்தம் மெல்ல நகர்ந்து நகர்ந்து அங்கே வந்துவிட்டது, எங்கே இறங்கணும் என்று கேட்டால் சத்தத்துக்குக் கீழே என்று சொன்னால் போதும். அழுகிற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய் அதன் கீழே கொஞ்ச நேரம் நின்றால் குழந்தைகள் தூங்கின, தூக்கிக்கொண்டு போன தகப்பன்மார் நின்றபடியே தூங்கினார்கள். மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து, இது எந்தக் கம்பத்திலிருந்தும் கரண்ட் எடுக்கவில்லை, அதனால் எனக்கு இங்கே சோலி இல்லை என்று சொல்லிவிட்டு, ஒரு சர்பத் குடித்துவிட்டுப் போனார். நேர்ச்சைக் கயிறு கட்ட வந்த பெண்கள் சத்தத்தில் முடிச்சுப் போட முடியாததால் பக்கத்தில் இருந்த வேப்பமரத்தில் கட்டினார்கள்.

சத்தம் மற்றப் பாட்டுகளைப் போல அன்றைக்கே நின்றிருந்தால் அது என்ன பாட்டு என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். திருவிழா அன்றைக்கு அது நடந்துகொண்டிருந்தபோது பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் செருப்பைத் தேடுகிறவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது யாரோ ஒருத்தர் செல்போனில் பிடித்து வைத்திருந்தது கை மாறிக் கை மாறி ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது, வலை பின்னுகிற இடத்தில், உப்பளத்தில், முடிவெட்டும் கடையில், எங்கே பார்த்தாலும் அந்த நாலு வரிதான் ஓடியது:

கதவைச் சாத்தாதே, நான் இன்னும் போகவில்லை
செருப்பைத் தேடாதே, வெறுங்கால் போதும் எனக்கு
குளிர் நல்ல குளிர், ஊரெல்லாம் வெயில்
பெயரைச் சொல்லாதே, திரும்பிப் பார்த்துவிடுவேன்

இது சாவுப் பாட்டுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கட்டிலில் கிடத்தியவன் பாடுகிற மாதிரி இருக்கிறது, வேறென்ன? ஆனால் யாருடைய சாவு என்பதில்தான் ஊர் பிரிந்தது. குளிர் என்றால் ஆழ்கடல் என்றார்கள் மீன்பிடிக்கப் போகிறவர்கள். ஊரெல்லாம் வெயில் என்றால் உப்பளம், இது வேலைத்தலத்தில் சுருண்டு விழுந்தவனின் பாட்டு என்றார்கள் உப்பளத்தில் வேலை பார்க்கிற பொன்மாரியின் சொந்தக்காரர்கள். கட்சியிலிருந்து நீக்கப்பட்ட முன்னாள் வட்டச் செயலாளர் ஒருவர், சாவு என்பது ஒரு பேச்சுக்கு, கதவைச் சாத்தாதே என்பது தலைமைக்குப் போட்ட விண்ணப்பம், தம்பி என் மனசைப் படித்துவிட்டான் என்று சொல்லி லியாண்டருக்குச் சால்வை போர்த்தினார். கோயிலின் மரியாயின் சேனைச் சங்கத்துப் பெண்கள் இது செத்தபின் பாவம் கழிக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாவின் புலம்பல் என்று முடிவுகட்டி ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள், உத்தரிக்கிற ஸ்தலத்தில் நெருப்புத்தானே இருக்கும், குளிர் எப்படி நல்ல குளிராக இருக்கும் என்று அவர்களில் ஒருத்தி கேட்டுவிட்டதால் நடுவிலேயே ஜெபமாலை நின்றுபோய், சாமியிடம் போனார்கள். அங்கே என்ன சூடு, என்ன குளிர் என்று திருச்சபை இதுவரை திட்டமாக ஒன்றும் சொல்லவில்லை என்று சாமி சொன்னார்.

லியாண்டருக்கு இதெல்லாம் முதலில் பெருமையாகவும் அப்புறம் பயமாகவும் இருந்தது. அவன் துறைமுகத்தில் சரக்கு இறக்கி ஏற்றும் ஏஜென்சியில் வேலை பார்க்கிறவன், வீட்டோடு மாப்பிள்ளை. மாமியார் இஞ்ஞாசியம்மாள் நடத்துகிற ‘மாதா வாடகை ஸ்டோர்’தான் பவளத்துறையின் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பந்தல், நாற்காலி, அண்டா, ஃப்ரீசர் பாக்ஸ் எல்லாம் கொடுக்கிற இடம். கத்தரி வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், கடைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையில் யாரும் இல்லாததைப் பார்த்து, பிணம் வைக்கிற அந்தக் கண்ணாடிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டு, மூடியைத் தள்ளி வைத்துவிட்டு, லியாண்டர் அதற்குள் ஏறிப் படுத்துக்கொண்டான். செருப்பை வெளியே வாசலில் விட்டிருந்தான். சுகமாகக் கண்ணை மூடிக் கிடந்தபோது மாமியாரின் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. அறையின் தகரக் கதவைச் சாத்திப் பூட்ட வருகிறாள். கதவைச் சாத்திவிடுவாளோ, செருப்பைப் பார்த்து ஆளைத் தேடுவாளோ, பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாளோ, கூப்பிட்டால் பழக்கதோஷத்தில் எழுந்து திரும்பிப் பார்த்துத் தொலைத்துவிடுவோமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். என்ன நினைத்தாளோ, கதவைச் சாத்தாமலே சாவிக்கொத்துச் சத்தம் திரும்பிப் போய்விட்டது. தன் அதிர்ஷ்டத்தை நினைத்து மெச்சிக்கொண்டு எழுந்து வந்தவன் அன்றைக்கே பாட்டை எழுதிவிட்டான். அவ்வளவுதான் அதன் பொருள்.

அவ்வளவுதான் என்று அவன் சொன்னால் யார் நம்பினார்கள்? பொன்மாரியிடம் சொன்னான். “இத வெளிய சொல்லிராத மாப்ள, நம்ம குரூப்பு பேரு கெட்டுரும்” என்றான் பொன்மாரி, குழுவுக்குக் கருவாடு என்று பெயர் வைத்தவனே அவன்தான். ட்யூஷன் நடத்துகிற ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கோயில்பிச்சை வாத்தியாரிடம் போய்ச் சொன்னான்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தம்பி, நீ எதுக்கு எழுதுன என்கிறது உன் சொந்த விசயம். பாட்டுக்கு அர்த்தம் என்ன என்கிறது எங்க விசயம். எழுதி முடிச்ச அன்னைக்கே எழுதுனவன் செத்தவனுக்குச் சமம். நீ குறுக்க வராத.”

ஆனால் லியாண்டர் ஒருவரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அந்தப் பெட்டிக்குள் கிடந்தபோது, குளிர் முதுகில் ஏற ஏற, அவனுக்கு மச்சான் தஸ்நேவிஸ் ஞாபகம் வந்துவிட்டது.

தஸ்நேவிஸ் அவன் மனைவி பிரிஸ்காவின் தம்பி, கருவாடு குழுவின் முதல் டிரம்ஸ்காரன், ஆரம்பத்திலிருந்தே குழுவில் இருந்த பொன்மாரி டிரம்ஸுக்கு மாறியது அவனுக்குப் பிறகுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் வள்ளத்தில் கடலுக்குப் போனான், புயல் வந்தது, கூடப் போனவர்கள் எல்லோரும் உடலாகவாவது கரைக்கு வந்தார்கள், அவன் மட்டும் எப்படியும் வரவில்லை. உடல் கிடைக்காதவனுக்குப் பவளத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. அவன் உடுத்திய சட்டை ஒன்றைப் பெட்டியில் வைத்து, ஆளை அடக்குவதுபோலவே பந்தல் போட்டு, பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் அடக்குவார்கள். சட்டையைத் தாய்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும், அவள் கொடுக்காதவரைக்கும் ஆள் இருக்கிறான் என்றுதான் அர்த்தம். ஊரில் விழுந்த அத்தனை சாவுக்கும் பந்தலும் பெட்டியும் கொடுத்த இஞ்ஞாசியம்மாள் தன் மகனின் சட்டையை மட்டும் கொடுக்கவில்லை. கடலைப் பார்த்த வீட்டு வாசற்கதவை அவன் போன நாளிலிருந்து சாத்தவும் விடவில்லை. ஆடு வந்தது, பூனை குட்டி போட்டது, மழை சாரலடித்துக் கூடம் வரைக்கும் நனைந்தது, ஒரு தடவை வழிதப்பிய ஐஸ்கிரீம்காரர் கடை என்று நினைத்து உள்ளேயே வந்துவிட்டார். அவர்களுக்கெல்லாம் கஞ்சி கொடுத்தாளே தவிர, கதவைத் தொடவில்லை. மகன் பெயரையும் அவள் சொல்வதில்லை, அவன், அவன் என்றுதான் பேச்சு.

அதனால்தான் அந்தப் பெட்டிக்குள், இவ்வளவு பெரிய ஊரில் எல்லோருக்கும் கிடைத்த இந்த ஆறடி இடம் மச்சானுக்குக் கிடைக்கவில்லையே என்று நினைத்து, லியாண்டர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அது பாட்டில் எந்த வரியிலும் இல்லை என்று அவன் நினைத்திருந்தான்.

இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் கோயில்பிச்சை வாத்தியார். ட்யூஷனில் செய்யுள் நடத்துகிற வேகத்தில் இதையும் வரி வரியாகப் பிரித்து, குளிர் என்பது கடல், வெறுங்கால் என்பது உடல் கிடைக்காதவன், சாத்தாத கதவு யார் வீட்டுக் கதவு என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை என்றார். உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மயிர்க்கூச்செறிந்தது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க மற்ற அர்த்தங்களெல்லாம் விழுந்துபோய் இது ஒன்றுதான் நின்றது. பாடுகிறவன் தஸ்நேவிஸ், அவன் செத்துவிட்டான், செத்ததைத் தன் மச்சான் வாயால் தாய்க்குச் சொல்லி அனுப்பியிருக்கிறான், தாய் கேட்கிறவரைக்கும் சத்தம் நிற்காது. ஊருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது, மூன்று வருடமாக அந்த வீட்டைக் கடக்கும்போது என்ன முகத்தோடு போவது என்று தெரியாமல் கஷ்டப்பட்டவர்கள் அவர்கள். நண்பர்கள் மன்றத்துப் பையன்கள் உடனே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று பெரிய ஃப்ளெக்ஸ் அடித்துத் தெரு முக்கில் கட்டினார்கள். தஸ்நேவிஸ் கறுப்புக் கண்ணாடி போட்டு, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியோடு, ஹீரோ மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஏற்பாட்டில் குறை வைக்கக்கூடாது என்று அவர்கள் பந்தல் சொல்லவும் போனார்கள். பவளத்துறையில் பந்தல் சொல்ல இருக்கிறது ஒரே கடைதான், கால் பழக்கத்தில் அங்கேயே போய் நின்றார்கள்.

லியாண்டர் அப்போது கடையில் அண்டா அடுக்கிக்கொண்டிருந்தான். இஞ்ஞாசியம்மாள் உடைந்த நாற்காலிகளைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“மாமி, சேரு வேணும், பந்தலு வேணும், ஃப்ரீசர் பாக்ஸும் வேணும்.”

“கல்யாணமா, சாவா?” என்றாள், தலையைத் தூக்காமல். ஃப்ரீசர் பாக்ஸ் கேட்டவர்களிடமும் அப்படிக் கேட்பது அவள் வழக்கம்.

“சாவுதான்.”

“யாரு வீட்டுல?”

ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்தான். எல்லோருக்கும் அந்த நிமிஷத்தில்தான் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. கடைசியில் ஒருவன் மெல்ல, “உங்க வீட்டுலதான், மாமி” என்றான்.

இஞ்ஞாசியம்மாள் நாற்காலியைக் கீழே வைத்தாள். “சட்டைக்கு எதுக்குல ஃப்ரீசர் பாக்ஸு?” என்றாள்.

அவள் ஒவ்வொருவனையும் பார்த்தாள். “அவன் இல்லன்னு ஒங்களுக்கு யாருல சொன்னா?”

“பாட்டு சொல்லுது, மாமி.”

“எந்தப் பாட்டு?”

“ஒங்க மருமவன் பாட்டு.”

அண்டாவுக்குப் பின்னால் லியாண்டர் தன்னால் முடிந்த அளவுக்குச் சின்னதாகிப் பார்த்தான். இஞ்ஞாசியம்மாள் சத்தம் போடவில்லை, அவள் சத்தம் போட்டிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

“மருமவனே, இங்க வாரும். நீரு எழுதுன பாட்டாம்லா. அதுல பாடுதவன் இருக்கானா, இல்லயா? கல்லறைத் திருநாளுக்குள்ள எனக்கு ஒரு பதில் சொல்லும். இல்லன்னு சொன்னா நான் சட்டையை எடுத்துக் குடுத்துருதேன். இருக்கான்னு சொன்னா அந்த பேனரக் கிழிச்சு இந்தப் பயலுவளுக்கு அதுலயே கோமணம் கட்டி விடுதேன்.”

அன்றிலிருந்து லியாண்டருக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் மாமியாரின் பெட்டியில் படுத்துத் தூங்கியதைச் சொல்லவேண்டும், ஊர் சிரிக்கும், மாமியார் கொன்றுவிடுவாள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு சோம்பேறி மத்தியானத் தூக்கத்தில் எழுதின நாலு வரி ஒரு மனிதனை உயிரோடு வைப்பதா சாகடிப்பதா என்று தீர்மானிக்கப் போகிறது என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. ஆளாளுக்கு வந்து யோசனை சொன்னார்கள். உண்மை எதுவோ அதைச் சொல் என்றார் சாமி, எது உண்மை என்று கேட்டதற்கு அதற்காகத்தான் ஜெபிக்கவேண்டும் என்றார். இல்லை என்று சொல்லிவிடு, பந்தல் போடக் காத்திருக்கிறோம் என்றார்கள் மன்றத்துப் பையன்கள். லியாண்டர் கடைசியில் பிரிஸ்காவிடம் போனான். அவள் கூடத்தில் சாரலில் நனைந்த பாயைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“நீ சொல்லு பிரிஸ்கா. நான் என்ன சொல்லட்டும்?”

“என்னத்தச் சொல்ல?” பாயை உதறினாள். “கதவச் சாத்துனா எந்தம்பி செத்துட்டான்னு ஆயிரும். தொறந்தே கெடந்தா எங்கம்மா செத்துருவா. ஒங்களுக்கு எது தோணுதோ அதச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு, சொல்லிட்டு எம் முகத்தப் பாக்காதீங்க, கொஞ்ச நாளைக்கு.”

அவள் பாயைத் திரும்பவும் முறுக்கினாள். அவனும் பாயின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்தான்.

கல்லறைத் திருநாள் வந்தது. கொண்டல் காற்று தொடங்கியிருந்ததால் சத்தம் வீடுகளின் பக்கமாகச் சாய்ந்து, கல்லறைத் தோட்டத்து மதில் வரைக்கும் வந்து நின்றது. ஊர் தன் கல்லறைகளுக்கெல்லாம் வெள்ளையடித்து, செவ்வந்திப்பூ போட்டு, மெழுகுதிரி ஏற்றி, அழவேண்டியவர்களுக்கு அழுது, பக்கத்துக் கல்லறையில் யார் எவ்வளவு பெரிய மாலை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து முடித்தது. முடித்ததும், யாரும் யாரையும் கூப்பிடாமலே, எல்லோரும் கோயில் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். சத்தமும் காற்றுக்கு எதிராக நகர்ந்து மைதானத்துக்கு வந்திருந்தது, அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இஞ்ஞாசியம்மாள் தன் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து சத்தத்துக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தாள். லியாண்டர் எதிரே நின்றான்.

“மாமி, அது வந்து...”

“பொறும். மொதல்ல பாட்டைப் பாடும்.”

“பாடணுமா?”

“நான் இன்னும் கேக்கலயே!”

மைதானத்தில் ஒரு சலசலப்பு. திருவிழா அன்றைக்கு அவள் கோயிலுக்குப் பின்னால் திரும்பி வந்த நாற்காலிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவளிடம் பாட்டின் அர்த்தத்தைச் சொன்னவர்கள் எத்தனையோ பேர், அவள் தலை தெரிந்ததும் செல்போனை அணைத்தார்களே தவிர, பாட்டைப் போட்டுக் காட்டவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கோயில்பிச்சை வாத்தியார் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

பொன்மாரி ஓடிப்போய்க் கிதாரை எடுத்து வந்தான். ஒயர் இல்லை, ஆம்ப்ளிபயர் இல்லை, கம்பிச் சத்தம் முன்வரிசைக்கே சரியாகக் கேட்டிருக்காது. ஆனால் தலைக்கு மேலே நின்ற சத்தம் கொஞ்சம் இறங்கி வந்து, பாட்டுக்கு இடம் கொடுத்துப் பக்கத்தில் நின்றது. லியாண்டர் நாலு வரியையும் பாடினான், திரும்ப ஒரு தடவை பாடினான். கடைசிக் கம்பியை மட்டும் அவன் தொடவில்லை, அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே.

இஞ்ஞாசியம்மாள் முழுக்கக் கேட்டாள். செருப்பு என்று வந்த இடத்தில் அவள் தலை லேசாக நிமிர்ந்தது. முடிந்ததும் கேட்டாள், “சாத்தாதேன்னு சொல்லுதானே, அவன் எங்க இருக்கான்? உள்ளயா, வெளியவா?”

இத்தனை மாதத்தில் எத்தனையோ அர்த்தம் சொன்ன ஊரில் இதை ஒருவரும் கேட்டதில்லை. எல்லோரும் லியாண்டரைப் பார்த்தார்கள். இதற்குப் பதில் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

“உள்ள, மாமி.”

“எதுக்குள்ள?”

“ஒங்க... ஃப்ரீசர் பாக்ஸுக்குள்ள. கத்தரி வெயில்ல, மாமி. கரண்ட் வேற இருந்துச்சு. சும்மா கொஞ்ச நேரம்னுதான்...” அவன் எல்லாவற்றையும் சொன்னான், தகரக் கதவை, சாவிக்கொத்தை, வாசலில் கிடந்த செருப்பை. மைதானம் முதலில் வாயைப் பொத்தியது, அப்புறம் பொத்த முடியாமல் சிரித்தது, முன்னாள் வட்டச் செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை, தான் போட்ட சால்வையை நினைத்துக்கொண்டிருந்தார். இஞ்ஞாசியம்மாள் கையைத் தூக்கினாள். சிரிப்பு அடங்கியது.

“தெரியும்” என்றாள். “தலையில எண்ணெய தேச்சுக்கிட்டுப் படுத்தா கண்ணாடியில ஒட்டாதா? மறுநாள் சாவு வீட்டுக்கு அனுப்ப நாந்தான அதத் தொடச்சேன்.” அப்புறம் குரல் கொஞ்சம் தணிந்தது. “செருப்ப அன்னைக்கே பாத்தேன். பூட்டுவோம்னுதான் வந்தேன். வரும்போதே உள்ள ஆம்பள அழுவுத சத்தம் கேட்டுச்சு. யாருக்காவ அழுவுதீருன்னு எனக்குத் தெரியாதா? அதான் சாத்தாமப் போயிட்டேன்.”

லியாண்டருக்குக் கிதாரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மாமியார் அவனுக்குத் தெரியாமல் தன் பெட்டியை மட்டுமல்ல, அவன் அழுகையையும் துடைத்து வைத்து இத்தனை மாதம் ஒரு வார்த்தை பேசாமல் சோறு போட்டிருக்கிறாள் என்று நினைத்ததும் அவனுக்கு அங்கேயே திரும்பவும் அழுகை வந்தது. கூட்டத்தில் நின்ற பிரிஸ்கா அவன் முகத்தைப் பார்த்தாள்.

“வெளிய நிக்கவன் தொறன்னுதான சொல்லுவான்?” இஞ்ஞாசியம்மாள் இதை ஊருக்குச் சொல்லவில்லை, தனக்கே கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோலச் சொன்னாள். “உள்ள கெடக்கவந்தான் சாத்தாத, சாத்தாதன்னு கெஞ்சுவான். எங்க வீட்டுல மூணு வருசமா அப்படிக் கெஞ்சிக்கிட்டு இருக்கது யாரு? அவனா? அவன் ஒரு வார்த்தை சொல்லலயே. நாந்தான்.” நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள். “இது அவன் பாட்டு இல்ல, வாத்தியாரே. எம் பாட்டு. பெட்டிக்குள்ள கெடக்கது நானு.”

வாத்தியார் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொள்ள மறந்து நின்றார்.

நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு அவள் நடந்தாள், தன் கடைச் சாமானை ஒரு மைதானத்தில் அவள் விட்டுவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. லியாண்டரும் பிரிஸ்காவும் பின்னாலேயே போனார்கள். ஊர் மைதானத்திலேயே நின்றது, வரலாமா கூடாதா என்று அதற்குத் தெரியவில்லை. விளக்கு வைக்கிற நேரம். வாசற்படியில் ஏறி, கடலைப் பார்த்துத் திரும்பி நின்று, சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் அவள் ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள்.

“ஏல, தஸ்நேவிஸு!”

ஒருத்தன் எங்கே போய்க்கொண்டிருந்தாலும் நின்று திரும்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தாள். கடல் மேலும் கீழுமாக அசைந்துகொண்டிருந்தது. அவள் கதவில் கை வைத்தாள். கதவு அசையவில்லை, கீல் துருப்பிடித்து, அடியில் மணல் ஏறி, பூனை ஒன்று வேறு அதற்குப் பின்னால் குடியிருந்தது. பிரிஸ்கா மணலைக் கையால் வாரினாள், லியாண்டர் பூனையைத் தூக்கிக்கொண்டு தோளால் தள்ளினான், மூன்று பேருமாகத் தள்ளத் தள்ளக் கதவு முனகிக்கொண்டே வந்து, நிலையில் உட்கார்ந்து, தாழ்ப்பாள் விழுந்தது.

சத்தம் நின்றது.

மைதானத்தில் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் ஒன்றாக விழித்து அழுதன. ஆட்டோக்காரர்கள் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வண்டியை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப அதே இடத்தில் நிறுத்தினார்கள். ஆர்மோனியக்காரர் நாளைப் பூசைக்கு எந்தச் சுருதி என்று சாமியைக் கேட்டார். கொஞ்ச நேரம் ஊர் காதைத் தீட்டிக்கொண்டு சும்மா நின்றது, அப்புறம் யாரோ ஒருத்தர் மெல்ல, இந்த அமைதிக்கு என்ன அர்த்தமாக இருக்கும் என்று ஆரம்பித்தார், கோயில்பிச்சை வாத்தியார் இரண்டு விதமாகக் கொள்ளலாம் என்றார்.

விடிந்ததும் மன்றத்துப் பையன்கள் இனி என்ன செய்வது என்று கேட்க அந்த வாசலுக்கு வந்தார்கள், வந்து, சாத்திய கதவுக்கு முன்னால் நின்றார்கள். அந்த வீட்டுக் கதவை எப்படித் தட்டுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, தட்டிப் பழக்கமே இல்லை. உள்ளே கூடத்தில் காய்ந்த பாயில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த லியாண்டருக்கு அவர்களுடைய முணுமுணுப்புக் கேட்டது. எழுந்து போய்த் திறக்கப் பார்த்தான். பிரிஸ்கா அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

இஞ்ஞாசியம்மாள் உள்ளறையிலிருந்து வந்தாள். ஒரு கையில் இஸ்திரி போட்ட கட்டம்போட்ட சட்டை இருந்தது, அதற்கு மேல் ஒரு சின்னப் புகைப்படம். மற்றக் கையைத் தாழ்ப்பாளில் வைத்தாள், மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவளுக்குத் திறப்பதற்கு ஒரு கதவு இருந்தது. திறந்தாள். வெயில் கூடத்துக்குள் விழுந்தது.

“முக்குல கட்டுன படத்த மாத்துங்கல” என்று சட்டையையும் படத்தையும் அவர்களிடம் நீட்டினாள். “கண்ணாடி போடாத படம் இது. அவன் கண்ணு தெரியட்டும்.”